யாரோடு யார் படிக்கிறார்கள்? கவரைப்பேட்டை வட்டாரப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காலை எட்டு மணிக்குத் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. சாலையோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த வட்டாரத்துப் பள்ளிக் கல்வி எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். மஞ்சள் வேன்கள் சத்தியவேடு சாலையிலிருந்தும் பொன்னேரிப் பக்கமிருந்தும் டை கட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலவசப் பேருந்து அட்டையோடு நிறுத்தத்தில் காத்திருப்பார்கள். சிலர் நடந்தே போவார்கள். இரண்டுக்கும் வெளியே, தலையில் கூடையோடு அம்மா முன்னே நடக்க, பின்னால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எந்தப் பள்ளிக்கும் போகாத ஒரு சிறுமியும் கண்ணில் படக்கூடும். ஒரே சாலைதான். அதில் போகிற பிள்ளைகள் மட்டும் ஒருவரை ஒருவர் அறியாமலே வளர்கிறார்கள்.

பள்ளி என்பது பாடம் கற்கும் இடம் மட்டுமென்றால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அங்கே யாரோடு யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதும் கல்வியின் ஒரு பகுதி என்று கொண்டால், நிதானமாக ஆராய வேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

1991இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், ஆனால் தன்னாட்சியோடு நடக்கும் பள்ளிகளுக்கு அது வழி திறந்தது. ‘சார்ட்டர் பள்ளி’ என்று பெயர் பெற்ற அந்த வகையின் முதல் பள்ளி 1992இல் செயின்ட் பால் நகரில் தொடங்கியது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். பெற்றோர் விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். குடியிருக்கும் தெருவை வைத்து அரசு ஒதுக்கும் பள்ளியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. எனவே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் கலந்து படிக்க இது உதவும் என்று ஆதரவாளர்கள் நம்பினார்கள். 2010இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குடிமை உரிமை ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. வழக்கமான அரசுப் பள்ளிகளைவிடச் சார்ட்டர் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடுதலாக இருக்கிறது என்றது அது. தேர்வுரிமை கொடுத்தால் மட்டும் கலப்பு வந்துவிடாது. மக்கள் பெரும்பாலும் தம்மைப் போன்றவர்கள் போகும் பள்ளியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பள்ளிகள் இல்லை. அந்த ஏற்பாட்டின் சாயல் மட்டும் நமக்குப் பழையது. 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கையோடு வந்த மானிய முறைதான் அது. நிர்வாகம் தனியாரிடம், ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து. ‘எயிடட் பள்ளி’ என்று நாம் சொல்லும் அரசு உதவிபெறும் பள்ளிகள் தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. 2024 ஜூலை 15 அன்று காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டபோது, தொடக்க விழா நடந்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில், ஒரு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில்தான்.

செங்கல்பட்டு ஜில்லாவின் பழைய கணக்கு

கவரைப்பேட்டை இருக்கும் பகுதி அந்தக் காலத்தில் பொன்னேரி தாலுகா, செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அந்தச் செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த டிரெமென்கீர், 1891இல் இங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் யாரும் அந்த அறிக்கையிலிருந்துதான் தொடங்குவார்கள். நிலத்தோடு கல்வியும் அதில் பேசப்பட்டது. 1893இல், அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட இம்மக்களின் கல்விக்கான அரசாணை வந்தது. ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூடச் சேரிப் பிள்ளைகளை ஏற்றாத காலம் அது. ஆகவே தனிப் பள்ளிகள் உருவாயின. 1919க்குப் பிறகு தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் அவை பெருகின. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளை இன்று குறை சொல்வது எளிது. கதவு அடைக்கப்பட்ட காலத்தில் வேறு கதவு திறந்தவை அவை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியவை. ஆனால் காலனியின் ஓரத்தில், காலனிப் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்ட பள்ளிக்கு ஊர்த்தெருப் பிள்ளை வராது என்பது நூறாண்டு கடந்தும் மாறவில்லை. பெயர்ப்பலகையே வாசலில் ஒரு கோடு கிழித்துவிடுகிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வர வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் முக்கியமானவை. இணைப்பு குறித்த அறிவிப்பு 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையிலேயே வந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பு தலித் இயக்கங்கள் சிலவற்றிடமிருந்தும் வந்தது. தனித்துறை கரைந்தால் தனி நிதியும் கரைந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நலத்துறை விடுதிகள் 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாறின. பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. பக்கத்துத் தெருப் பிள்ளையை அங்கே வரவைப்பது தலைமுறை வேலை.

நான்கு சல்லடைகள்

சாதி வெளிப்படையாகத் தடுத்த காலம் போனபின் பிள்ளைகளைப் பிரிப்பது எது? இந்த வட்டாரத்தில் நான்கு சல்லடைகள் வேலை செய்கின்றன: கட்டணம், தூரம், தாள், மொழி.

கட்டணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் மெட்ரிக் பள்ளிகள் பல்கலைக்கழகங்களிடமிருந்து மாநிலக் கல்வித் துறையின்கீழ் வந்தன. பின்னர் மாநிலமெங்கும் பரவின. 1991-92க்குப் பிறகு புதிய பள்ளிகளுக்கு மானியம் தருவதை அரசு ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. அதன்பின் தனியார் தொடங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை சுயநிதிப் பள்ளிகளே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் பின்னர் தேர்வாய்கண்டிகையிலும் தொழிற்சாலைகள் வந்தன. மாதச் சம்பளம் வந்தது. கூடவே இங்கிலீஷ் மீடியம் ஆசையும் வந்தது. ஃபீஸ் கட்ட முடிந்தவர் வெளியேறினார். 2011இல் சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்து பாடப்புத்தகம் ஒன்றானது, வகுப்பறை ஒன்றாகவில்லை.

தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வேன் வருமா வராதா என்பதும்தான். வேன் தார்ச்சாலை உள்ள இடத்துக்கு வரும். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பத்தைத் தேடி அது வராது.

தாள் என்பது சான்றிதழ். தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த பழங்குடிகளில் ஒன்றான இருளர் திருவள்ளூர் மாவட்டத்தில் கணிசமாக வாழ்கிறார்கள். மற்ற சாதிகளுக்குத் தாசில்தார் அளவிலேயே கிடைக்கும் சாதிச் சான்று, பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்தோடு வர வேண்டும். இந்த வட்டாரத்துக்கு அது பொன்னேரி. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பொன்னேரிக்கு நான்கு நடை நடந்தால்தான் உதவித்தொகைக்கான முதல் தாள் கைக்கு வரும். பள்ளியில் சேரப் பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்கலாம், சேர்ந்தபின் வரவேண்டிய உரிமைகளுக்குத் தாள் வேண்டும்.

நான்காவது சல்லடையான மொழியைத் தனியாகவே பேச வேண்டும்.

தர்பங்கா ரயிலும் செங்கல் சூளையும்

2024 அக்டோபர் 11 இரவு, மைசூருவிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போன பாக்மதி விரைவு ரயில் கவரைப்பேட்டையில் கிளைத்தடத்தில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியபோது, ஊரின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. இந்த வட்டாரத்து உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் ஆட்கள் வந்துபோகும் தடமும் அதுதான். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் வந்தார்கள். இப்போது குடும்பமாக வந்து வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் இந்தி, மைதிலி, வங்காளம் அல்லது ஒடியா, தெருவில் தமிழ், பல வீடுகளின் பக்கத்து வீட்டில் தெலுங்கு.

மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்களின் நிலை இன்னும் கடினம். அறுவடை முடிந்து கிளம்பி, மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். பள்ளி ஆண்டின் பாதி இங்கே, பாதி அங்கே. இந்தப் பிள்ளைகளுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்கள் வந்தன. ஒடியா தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். படிப்பு அறுந்துபோகாமல் காத்தது அதன் நன்மை. சூளை மதிலுக்குள்ளேயே பிள்ளைகளை வைத்திருந்தது அதன் குறை. தாய்மொழியில் கற்பதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கலந்து கற்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இரு நியாயங்கள். நூறாண்டுக்கு முன் பஞ்சமர் பள்ளிகளின் விஷயத்தில் எழுந்த அதே சிக்கல், வேறு மொழியில் திரும்பி வந்து நிற்கிறது.

தெலுங்கோ இங்கே வந்த மொழியன்று; ஊரோடு இருந்த மொழி. எல்லையோர மாவட்டம் என்பதால் தெலுங்கு வழி அரசுப் பள்ளிகள் இங்கே உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கியபோது, மொழிச் சிறுபான்மையினர் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். இவற்றோடு கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி தமிழ், குடியுரிமை இல்லை. அந்தப் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் அரசுப் பள்ளிகளே.

கணக்கெடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்த வட்டாரத்தில் அதிகம் பேரைச் சேர்த்து வைத்திருப்பது தனியார் பள்ளியோ தனிப் பள்ளியோ அன்று. ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் அரசு மேல்நிலைப் பள்ளியும்தான். ஆனால் அந்தக் கலப்பை முழுமையானது என்று கொண்டாட முடியாது. கடைக்காரர் பிள்ளை, கம்பெனி சூப்பர்வைசர் பிள்ளை, அரசு ஊழியர் பிள்ளை ஆகியோர் போனபின் எஞ்சியவர்களின் கலப்பு அது. அங்கே சாதியும் மொழியும் கலக்கின்றன, வர்க்கம் கலக்கவில்லை.

இருபத்தைந்து விழுக்காடு என்ற பரிசோதனை

வர்க்கத்தைக் கலக்கச் சட்டம் எடுத்த ஒரே பெரிய முயற்சி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். அரசு அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்கும். 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2014இல் வந்த பிரமாத்தி தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வே எழுப்பியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ‘ஆர்.டி.இ. சீட்டு’ என்று பெற்றோர் சொல்லும் இந்த இடங்களில் நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டு லட்சம் ரூபாய், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும், விண்ணப்பம் இணையவழி, மிகுந்தால் குலுக்கல். நல்ல விதிகள்தாம். ஆனால் மேலே சொன்ன நான்கு சல்லடைகளும் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தனியார் பள்ளிகள் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால், ஒரு கிலோமீட்டர் வட்டம் சாலையோரக் குடும்பங்களுக்கே சாதகம். தாள் சேர்க்கத் தெரிந்தவருக்கே சீட்டு. முகவரிச் சான்று கேட்டால், வாடகை அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் ஒடியாத் தொழிலாளி எதைக் காட்டுவார்? இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் முழு ஃபீஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். நட்பு வேர்விட்டபின் பிடுங்கி நடுவது போன்றது அது.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. அரசுப் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையை அரசே பணம் கொடுத்துத் தனியாரிடம் அனுப்புகிறது. தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கை குறையக் குறைய ஈராசிரியர் பள்ளிகளே மிஞ்சுகின்றன என்பார்கள். இந்த வாதத்தின் வழியில் கர்நாடகம் 2019இல் விதியைத் திருத்தியது: அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இல்லாத இடத்தில் மட்டுமே தனியாரில் இலவச இடம். அதே வழியில் மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டிலோ திட்டத்தை உலுக்கியது வேறொன்று. தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் மாநில அரசு ஏற்காததால் ஒன்றிய அரசு நிதியை நிறுத்த, 2025-26 கல்வியாண்டின் சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இரண்டு அரசுகள் மல்லுக்கு நின்றபோது, எல்.கே.ஜி. வாசலில் காத்திருந்தவை பிள்ளைகள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கலந்து படித்தால் என்ன நடக்கும்? டெல்லியின் மேட்டுக்குடித் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கட்டாயமானபின் நடந்ததைப் பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னேறினார்கள். ஏழைகளை ஒதுக்கும் மனப்பான்மை குறைந்தது. இந்தியிலும் கணக்கிலும் அவர்களின் மதிப்பெண் பாதிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. ‘அவர்களோடு சேர்ந்தால் எங்கள் பிள்ளை கெட்டுவிடும்’ என்ற பயத்துக்கு ஆதாரம் கொஞ்சம்தான்.

தனியாரில் சேர்ந்தால் ஏழைப் பிள்ளை பாய்ந்து முன்னேறுமா என்பதற்கும் விடை பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுத்து, நான்காண்டு கழித்துப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்கள் மேலாக இல்லை. அரசுப் பள்ளியில் பெரிதாகக் கற்பிக்கப்படாத இந்தியில் முன்னேறினார்கள். தனியார் பள்ளி இதை மிகக் குறைந்த செலவில் செய்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. குறைந்த செலவு பெரும்பாலும் ஆசிரியரின் குறைந்த சம்பளம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இதுதான்: 25 விழுக்காட்டின் பெரும்பயன் ஏழைப் பிள்ளையின் மதிப்பெண்ணில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்டறியப்பட்ட பயனோ வசதியான பிள்ளையின் குணத்தில் இருக்கிறது. கலப்பு ஏழைக்குப் போடும் பிச்சையில்லை. அது எல்லோருக்குமான பாடம்.

செய்யக் கூடியவை

கோத்தாரிக் குழு 1966இலேயே பொதுப்பள்ளி முறையையும் அருகமைப் பள்ளியையும் பரிந்துரைத்தது. அதை முழுவதுமாகக் கொண்டுவரும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை. அதற்குக் காத்திராமல் இந்த வட்டாரத்தில் நாளையே தொடங்கக் கூடியவை உண்டு.

ஒவ்வொரு பிள்ளையின் தாய்மொழி, சமூகப் பிரிவு, பயிற்றுமொழி எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவாகின்றன. பிள்ளைகளின் பெயர் வெளிவராமல், பள்ளிவாரியாக யார் எத்தனை பேர் என்ற தொகைக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடலாம். தேர்ச்சி விழுக்காட்டைப் பேனரில் போடும் பள்ளிகள் இதையும் போடட்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. ஊராட்சி மன்றங்கள் வரி வசூலிக்கும் அக்கறையில் பாதியோடு வாடகைக் குடியிருப்புகளில் பிள்ளைக் கணக்கு எடுத்தால் போதும். சூளைப் பிள்ளைகளுக்குக் காலையில் தாய்மொழியும் பிற்பகலில் ஊர்ப் பள்ளியும் என்று இரண்டையும் இணைக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழு நம் கையிலேயே இருக்கும் கருவி. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். 2024இல் தமிழ்நாடு அதை 24 பேர் கொண்டதாக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தது. இந்த 24 பேரில் ஓர் இருளர் தாயும் ஒரு வடமாநிலத் தொழிலாளியின் மனைவியும் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு பள்ளியும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆர்.டி.இ. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை நீட்டிப்பது மாநில அரசு எடுக்கக்கூடிய முடிவு. அதைவிடப் பெரிய முடிவு, வெளியேறியவர்களை அரசுப் பள்ளிக்குத் திரும்ப அழைப்பது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் (2020), புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) அரசுப் பள்ளியின் மதிப்பை உயர்த்தியிருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் கிடைப்பவை. பெற்றோர் பள்ளியை முடிவு செய்வதோ பிள்ளைக்கு மூன்றரை வயதாகும்போது. அங்கன்வாடியின் எல்.கே.ஜி. வகுப்புக்கு முழுநேர ஆசிரியரும், காலனியிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிவர அரசின் வேனும் வந்தால், மற்றவை மெல்லத் தொடரும்.

அமெரிக்கச் சார்ட்டர் பள்ளியும் நமது ஆர்.டி.இ. சீட்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் பிள்ளைகள் கலந்துவிடமாட்டார்கள். வாசல் வரைக்கும் வழி போட வேண்டும். கவரைப்பேட்டையில் அந்த வழி போடும் வேலை ஊராட்சியிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பிள்ளையைப் பெற்ற நம்மிடமும் இருக்கிறது. இந்தக் கல்வியாண்டில் உங்கள் பிள்ளையின் வகுப்பில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பெயரும் உங்களுக்குத் தெரிந்த தெருவின் பெயராகவே இருந்தால், அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தரவில்லை என்று பொருள்.